கண்ணாடி போடாத சிப்பாய்

மெர்லின் கணினி விளையாட்டில் தான் ஆடிப் பதிவுசெய்த சண்டைகளை வெட்டி ஒட்டி, முதல் வீடியோ செய்துகொண்டிருந்தாள். எதிரிகளாக உள்ளே ஆடுவது கூலி ஆட்கள், குண்டடி அவர்களுக்கும் வலிக்கும் என்பது ஊரறிந்ததுதான். அதனால்தான் அந்த விளையாட்டுக்கு அத்தனை மவுசு.

ஒரு சிப்பாய் மட்டும் விழும்போது ஏதோ கோமாளித்தனம் செய்ததால், அவனையே தேடித் தேடிச் சுட்டிருந்தாள். அந்தத் துண்டுகளுக்குச் சிரிப்பொலி சேர்த்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினாள்.

சிப்பாய் முகத்தில் கண்ணாடியே இல்லை. ஆனாலும் சாயும் முன் இல்லாத கண்ணாடியைக் கழற்றி, மடித்து, நெஞ்சருகே பத்திரமாக வைத்தான். படுக்கப்போகும்போது அவள் கணவன் ஜெரால்டு செய்வதைப் போலவே.

ஜெரால்டு கிடங்கில் வேலை என்றல்லவா சொல்லியிருந்தான்?

கதவு திறந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்து அருகில் உட்கார்ந்தான்.

"இன்னைக்கு மூட்ட ஜாஸ்தி," என்றான். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். "வீடியோ முடிஞ்சிட்டா? போடு, பாப்போம்."