டென்சிலின் ஸ்வரம்

ஞாயிறு மதியம், லண்டன் ஜாஸ் கிளப்பில் சாக்ஸஃபோன் கச்சேரி பாதியில் நின்றது. முன்வரிசைக் கிழவர் எழுந்து கத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துய்யா! அந்த இடத்துல அபஸ்வரம்!"

மேலாளர் மோரீன் கொதித்துப்போய் ஓடி வந்தாள்.

"இதோ பாருங்க பெரியவரே, இந்த கிளப்பை ஆரம்பிச்ச டென்சில் ரெக்கார்டுல வாசிச்ச ஸ்வரம் அது. காலேஜுலயே அதைப் பாடமா நடத்துறாங்க. தப்பு சொல்ல நீங்க யாரு? முதல்ல வெளியே போங்க!"

"போறேன்மா. இருபது வருஷத்துக்கு முன்னால, இந்த கிளப்பை வித்தப்பவே போனவன்தான் நான்."

சுவரில் தாடியோடு சிரித்த டென்சிலின் படத்தைக் காட்டினார்.

"தாடியை எடுத்துட்டா ஆளே தெரியலையா? ரெக்கார்டு பண்ண அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். அதைப் போய்ப் பாடம் நடத்துறாங்களாம்! அது ஸ்வரமில்லைம்மா, தும்மல்!"