திரும்பி வந்த புகார்

"இதுல தேதி எங்கம்மா?"

தபால் பிரிவு அக்கா கடிதத்தை அவள் பக்கமே தள்ளினார்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. மேனேஜர் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதவே அவளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அடிக்கடின்னு எழுதியிருக்கேனேக்கா."

"அடிக்கடின்னு காலண்டர்ல ஒரு நாளும் இல்ல. தேதி போட்டு எடுத்துட்டு வா."

அந்த அலுவலகத்தில் எந்தக் கடிதமானாலும் அக்கா முத்திரை குத்தினால்தான் கணக்கில் வரும். குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதில் கில்லாடி என்பதால் 'ரிட்டர்ன் அக்கா' என்றே பெயர். லீவு லெட்டரைத் திருப்பினால் திட்டிவிட்டுப் போகலாம். இதையுமா?

போனில் இருந்த பழைய செய்திகளைத் துழாவி, தேதிகளைத் தேடிப் பிடித்து மறுவாரம் வந்தாள்.

"'தவறாக நடந்துகொண்டார்'னா என்ன? ஆபீசுக்கு லேட்டா வர்றதும் தவறுதான். என்ன பண்ணார், என்ன சொன்னார், பக்கத்துல யார் இருந்தா, எல்லாம் எழுது."

"அதையெல்லாம் எப்படிக்கா எழுதறது? கூசுது."

"கூசினா புகார் கொடுக்க வரக்கூடாது."

பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"அந்தம்மா மேனேஜர் ஆளுடி. உனக்கு இன்னுமா புரியல?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அது பொய்யாகத் தோன்றவில்லை. விஷயம் எப்படியோ மேனேஜர் காதுக்கும் போயிருந்தது. அன்று மாலையே தபால் பிரிவில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "கண்ட கண்ட பேப்பரெல்லாம் வரும். நீங்க நல்லா பார்த்து வாங்குங்கம்மா" என்றார்.

"நான் எதை சார் சும்மா வாங்கியிருக்கேன்?" என்று அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். ஃபைல் வாங்கும் சாக்கில் கையைப் பிடித்தது. 'புரமோஷன் வேணும்னா கொஞ்சம் ஒத்துழைக்கணும்' என்றது. கதவருகே நின்று அதைக் கேட்ட டிரைவர்.

மூன்றாவது முறையும் கடிதம் திரும்பியது.

"தலைமை அலுவலகத்துக்குன்னு போட்டிருக்க. நம்ம ஆபீஸ் புகார்க் குழுத் தலைவிக்கு எழுது. நகல் ரெண்டு வேணும்."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும்னு விதி. நாளையோட முடியுது. அதுவரைக்கும் இழுத்தடிக்கச் சொன்னாரா உங்க மேனேஜர்? நீங்களும் ஒரு பொம்பளைதானே!"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு வா."

மறுநாள் அவள் திருத்திக் கொண்டுவந்த கடிதத்தை அக்கா வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். குத்தினார் முத்திரையை. தேதி, மணி, வரிசை எண் எல்லாம் போட்டு, நகலை அவள் கையில் கொடுத்தார். அடுத்த தபாலை எடுத்துக்கொண்டார்.

விசாரணையில் மேனேஜர் கேட்காத கேள்வி இல்லை. எப்போது? எங்கே? யார் பார்த்தது? எல்லாவற்றுக்கும் கடிதத்திலேயே பதில் இருந்தது. காலக்கெடு தாண்டிவிட்டது என்று கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். முத்திரை அதற்கும் பதில் சொன்னது. அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

"ஓட்டையே இல்லாத புகார். எந்த வக்கீல் எழுதிக் கொடுத்தார்?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"வக்கீல் யாரும் இல்ல மேடம்" என்று சொல்லும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேராகத் தபால் பிரிவுக்கு ஓடினாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உன்கிட்ட சிரிச்சுப் பேசியிருந்தா, அந்தாளு அன்னைக்கே என்னை இந்த சீட்டிலிருந்து தூக்கியிருப்பான்."

"உங்களுக்கு எப்படிக்கா இவ்வளவும் தெரியும்?"

அக்கா மேஜையின் அடி டிராயரைத் திறந்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு புகார்க் கடிதத்தை எடுத்து நீட்டினார். அதன் மேல் பதினாலு வருடத்துக்கு முந்தைய தேதியில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'சம்பவ தேதி இல்லை. விவரம் இல்லை. உரிய குழுவுக்கு எழுதப்படவில்லை. காலம் கடந்தது. நிராகரிக்கப்படுகிறது.'

யார் மீது புகார் என்ற இடத்தில் அதே மேனேஜரின் பெயர். கீழே புகார் கொடுத்தவரின் கையெழுத்து, அக்காவுடையது.