தரையோடு தைத்த கூடாரம்

கடைக்காரர் இரண்டு கூடாரங்களையும் அக்கம்பக்கமாக நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

ஒன்று நீலம், ஒன்று பச்சை. நீலத்துக்குள் ஒரு கல்யாணக் கூட்டத்தையே படுக்க வைக்கலாம். ஆனால் அதற்குத் தரைவிரிப்பு தனி. விரிப்பைப் போட்டு, அதன்மேல் கூடாரத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். பச்சை கொஞ்சம் சின்னது. எட்டுப் பேருக்கு என்று அட்டையில் போட்டிருந்தாலும் பார்த்தால் நம்பிக்கை வராது. அதில் தரையும் சுவரும் சேர்த்துத் தைத்திருந்தது. தரையின் ஓரம் ஒரு சாண் உயரத்துக்குத் தட்டு மாதிரி எழும்பி நின்றது.

குடும்பத்தில் எட்டுப் பேரும் கடைக்கு வந்திருந்தார்கள். கணவனுக்கு நீலம் பிடித்திருந்தது. அவளுக்குப் பச்சை.

வீட்டில் திரைச்சீலை வாங்குவதற்குக்கூட வாய் திறக்காதவள், இந்த விஷயத்தில் மட்டும் ஒற்றைக் காலில் நின்றாள்.

போன வருஷம் வாடகைக்கு எடுத்த கூடாரமும் இந்த நீலத்தின் ஜாதிதான். முதல் ராத்திரியே மழை. சுவருக்கும் விரிப்புக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தது. தண்ணீருக்கு முன்பாக ஒரு பூரான் புகுந்திருந்தது. நாத்தனார் போட்ட கூச்சலில் சுற்றியிருந்த கூடாரங்களிலெல்லாம் விளக்கு எரிந்தது. மூன்று நாள் தங்குவதாகக் கிளம்பிப்போனவர்கள் விடிவதற்குள் வீட்டில் இருந்தார்கள். ஈரப் போர்வைகளை யார் துவைத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. மூன்று ராத்திரி என்றால் மூன்று ராத்திரி. யாரும் பாதியில் திரும்பி வரக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, பச்சைக் கூடாரத்தின் ஓரத்தில் பாதித் தண்ணீரைக் கவிழ்த்தாள். கடைக்காரர் பதறிப்போய்த் துணி எடுக்க ஓடினார். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட மறந்துவிட்டாள்.

நாத்தனாரின் கணவர் எல்லாம் தெரிந்தவர். தைத்த தரையில் மண் சேர்ந்தால் கூட்டி அள்ளவே பொழுது சரியாகிவிடும், தனி விரிப்பென்றால் வெளியே உருவி ஓர் உதறு உதறினால் தீர்ந்தது என்றார். உண்மைதான். வேறு சமயமாக இருந்தால், துடைப்பம் யார் கைக்கு வரும் என்று தெரிந்த அவளே அவர் கட்சியில் சேர்ந்திருப்பாள். இன்றைக்கு, கூட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லிவிட்டாள்.

கணவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெட்டவெளியில் படுப்பதற்கு இவளுக்கு இவ்வளவு ஆசையா என்று மனம்கூட இளகிவிட்டது. ஆனாலும் எட்டுப் பேர் இதில் அடங்க மாட்டோம் என்றான். அடங்கும் என்றாள் அவள். படுத்துப் பார்த்துவிட்டால் போயிற்று என்று கடைக்காரர் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக நுழைந்தார்கள். மாமியார் காற்று வரும் என்று வாசலோரத்தைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தாண்டி நாத்தனார், நாத்தனாரின் கணவர், அவர்கள் பையன், அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர். கணவன் எல்லோருடைய காலையும் மிதித்துக்கொண்டு போய் நடுவில் விழுந்தான்.

அவள் எல்லோருடைய பைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே நின்றாள்.

அந்த வீட்டில் அவளுக்கு அம்மா, அண்ணி, அத்தை, இங்க பாரு என்று நான்கு பெயர்கள். இப்போது நான்கும் ஒரே நேரத்தில் உள்ளேயிருந்து வந்தன. ஒருத்தருக்குத் தண்ணீர் வேண்டும், ஒருத்தருக்குத் தலைக்கு வைக்க ஏதாவது வேண்டும், ஒருத்தன் காலைத் தூக்கி இன்னொருத்தி மேல் போடுகிறான், அதை யாராவது கேட்க வேண்டும். அவள் பாட்டிலை நீட்டினாள், கைப்பையை நீட்டினாள், மகனை ஓர் அதட்டு அதட்டினாள்.

ஏழு பேர் படுத்ததும் கூடாரம் நிறைந்துவிட்டது. இனி ஒரு கைக்குழந்தையைக்கூட நுழைக்க முடியாது.

கணவன் ஜெயித்துவிட்டான். தலையை மட்டும் தூக்கி வாசல் வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நான்தான் சொன்னேன்ல. இப்ப நீ எங்க படுப்ப?"

"வீட்ல."



அவள் இதை இங்கே சொல்வதாக இல்லை. கிளம்புகிற அன்று காலையில் ஒரு தலைவலியை வரவழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். வாய் முந்திக்கொண்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் மட்டும் தனியாக இருந்த ராத்திரி ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறாள் என்பது, சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. காது வரைக்கும் சூடேறியது. பைகளைக் கீழே வைக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல் நின்றாள்.

கணவன் எழுந்து உட்கார்ந்தான். நீலத்தை வாங்கினால் அவளுக்கும் இடம் இருக்குமே, இந்தச் சின்ன விஷயத்துக்குப் போய் யாராவது வீட்டில் தனியாகக் கிடப்பார்களா என்று ஆரம்பித்தான்.

வாசலோரம் கண்ணை மூடிப் படுத்திருந்த மாமியார் கண்ணைத் திறந்தார். மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"பேசாமப் படுடா."

சொல்லிவிட்டு, கையை நீட்டி, வாசல் ஜிப்பை உள்ளேயிருந்து இந்த முனை தொடங்கி அந்த முனை வரைக்கும் இழுத்து மூடினார்.