இரண்டு இருமல்

இருமுகிறவர்களை உடனே தனி அறைக்கு அனுப்ப வேண்டும் என்ற கல்லூரி முதல்வரின் சுற்றறிக்கை மேசைமேல் படபடத்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் பரவி விடுதியே பாதி காலி. ஆனால் பதினெட்டு வருடமாகத் தேர்வு மேற்பார்வைக்கு வரும் திலகவதிக்கு இருமல் என்றால் வேறு பாஷை. நான்கில் ஒரு விடைக்கு டிக் அடிக்கிற தாளில், ஒரு இருமல் முதல் விடை, இரண்டு இருமல் இரண்டாவது.

மூன்றாம் வரிசையில் தினகர் இரண்டு முறை இருமினான். அவனுக்குப் பின்னால் பேனாக்கள் குனிந்தன.

"யாருக்குப்பா சொல்ற?"

"சத்தியமா முடியல மேடம்."

அவன் நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது. அவனைத் தனி அறைக்கு அனுப்பிவிட்டு வந்து, "அது விடை இல்ல, காய்ச்சல். டிக் போட்டவங்க அதைக் கோடு போட்டு அடிச்சிடுங்க" என்றாள்.

யாரும் கோடு போடவில்லை.

அவனைத் தொட்ட கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். தொண்டையில் என்னவோ ஊர்ந்தது. எச்சிலை விழுங்கினாள். தண்ணீர் பாட்டில் ஆசிரியர் அறையில் இருந்தது. இன்னும் நாற்பது நிமிஷம்.

கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பி, மாஸ்க்குக்குள்ளேயே ஒருமுறை இருமினாள்.

திரும்பியபோது பாதிப் பேர் டிக் அடித்துவிட்டிருந்தார்கள். மீதிப் பேர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னொன்று வருமா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.