இரண்டாவது பலூன்

காலை ஐந்து மணிக்கு வானிலை நிலையத்தில் இருந்தவர்கள்: அதிகாரி கமலவேணி, பலூனில் கட்டிய கருவியின் ரேடியோ சிக்னலைக் கவனிக்கும் தாவூத், பலூனுக்கு ஹீலியம் அடைக்கும் இசக்கியப்பன். ஊரில் இசக்கியப்பனின் அப்பாவின் உடலைப் பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் இவன். ஆறே முக்கால் பேருந்தை விட்டால் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாது. பலூன் இருபத்தைந்து கிலோமீட்டர் ஏறாமல் நிலையத்தை விட்டு நகரவும் முடியாது.

பலூனின் கழுத்தில் கட்டிய எடைக்கல் தரையிலிருந்து எழும்பியதும் வால்வை மூட வேண்டும். இசக்கியப்பன் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் அடைத்தால் வேகமாக ஏறும், ஆறரைக்கெல்லாம் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தான். வெளியே கொண்டுவந்து விட்டபோது பலூன் கையைப் பிடுங்குவதுபோல் போனது.

ஆறு பத்துக்குத் தாவூத் காதிலிருந்ததைக் கழற்றினான். “பதினாறு கிலோமீட்டர்லயே வெடிச்சிட்டு. பேதில போற பலூன்.”

“எவ்வளவு அடைச்சீங்க இசக்கி?” என்றார் கமலவேணி.

“கொஞ்சம் கூட, மேடம்.”

“கூட அடைச்சா சீக்கிரம் ஏறும், சீக்கிரம் வெடிக்கும். பதினாலு வருஷமா இதத்தான செய்றீங்க?” அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “இன்னொண்ணு விட்டே ஆகணும்.”

“தம்பிக்குப் போன் போடட்டாடே?” என்றான் தாவூத்.

“போடு. அவனையே கொள்ளி வைக்கச் சொல்லு.”

“நீ வருவன்னுல்லா காத்துக் கெடப்பான்.”

“அப்பா காத்துக் கெடக்க மாட்டாரு.”

பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு புதுப் பலூனுடன் அவன் ஹீலியம் அடைக்கும் அறைக்குள் போனான். காற்று புகுந்தால் பலூன் சுவரில் உரசிக் கிழியும். கதவின் தாழ்ப்பாளோ உடைந்து மாதக்கணக்காகிறது. கமலவேணி கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.