விளக்கு வைத்த இடம்

ரோடுகள் வலிக்கிற இடத்தைத் தாங்களே சொல்லத் தொடங்கிய பிறகு பூங்காவனத்தின் குழி மூடும் வேலை சுலபமாகிவிட்டது. ரோடு பொய் சொல்லாது. ஆனால் இந்த வளைவு மட்டும் அவர் உயிரை வாங்கியது. தார் போட்டு ஒரு மாதம் தாங்காது, மறுபடியும் குழி. மழைத்தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து, கேட்காமலே மூடிக்கொண்டிருந்தார். அவர் மகள் வெண்பா போன வருஷம் ஸ்கூட்டரோடு விழுந்து செத்ததும் இதே வளைவில், மழை அரித்த ஒரு குழியில்தான். அதற்குப் பிறகுதான் இங்கே தார் நிற்காமல் போனது.

இந்த முறை மண்டியிட்டுக் கேட்டார். "என்னதான் பண்ணுது உனக்கு?"

"எண்ணெய் இறங்குதுய்யா, தார் இளகிப்போகுது," என்றது ரோடு. "தினமும் விடியக்காலையில ஒரு அம்மா வர்றாங்க. இடது காலை இழுத்து இழுத்து நடப்பாங்க."

அது பூங்காவனத்துக்குத் தெரிந்த நடை.

மறுநாள், கோயிலுக்கு என்று கிளம்பிய மனைவி அஞ்சுகத்தின் பின்னாலேயே போனார். வளைவின் ஓரத்தில் குனிந்து அகல்விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தாரில் வழிந்தது.

"பிள்ளை விழுந்த இடம் இருட்டாக் கிடக்கலாமாங்க?" என்றாள்.

சொல்லாவிட்டால் இன்னொரு பிள்ளை விழும். சொன்னார். "எண்ணெய் பட்டா தார் விட்டுடும், அஞ்சுகம். குழி விழுறது இதாலதான்."

"அப்போ இத்தனை நாளா நான்தான் குழி தோண்டிக்கிட்டு இருந்தேனா?"

திரியை எண்ணெய்க்குள் இழுத்து விளக்கைக் குளிரவைத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் ரோட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வலிக்கலைம்மா," என்றது ரோடு.