மழைத்துளிக்கு ஒரு பாரை

துறைமுகக் கரையின் காலை வெயில் மீன் செதில்களில் மினுங்குகிறது. பஸ்னா கணவனின் போனை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறாள். இன்பாஸ் பேஸ்புக் லைவில் மீன் விற்கிறான். லைவ் தொடங்கிய நாளிலிருந்து தொலைவிலுள்ள கந்தளாயிலிருந்தும் ஆட்கள் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். வியாபாரம் நல்லதுதான். ஆனால் மீன் விற்கிறவனுக்கு எதற்கு அத்தர்? வீட்டில் காணாத இந்தச் சிரிப்பு எதற்கு? அது யாருக்கென்று கண்டுபிடிக்கத்தான் அவள் ரோசாப்பூப் படம் போட்டு, ‘மழைத்துளி’ என்ற பெயரில் ஒரு பொய்க்கணக்குத் திறந்திருக்கிறாள். முக்காட்டு மறைவில் இருக்கும் தன் போனிலிருந்து ஓர் இதயத்தை அனுப்புகிறாள். திரையில் அது சிவப்பாய் மிதப்பதைக் கண்டதும் இன்பாஸின் முகம் மலர்கிறது. “மழைத்துளி வந்திட்டா! இந்தப் பெரிய பாரை அவவுக்கு. வேற ஒருத்தரும் கேக்கப்படாது.” அவள் கையில் போன் ஆடுகிறது. “ஆட்டாத புள்ள,” என்கிறான். லைவ் முடிகிறது. பாரையைப் பையில் போட்டு அவளிடமே நீட்டுகிறான். “இந்தா, சோத்துக்கு ஆணம் ஆக்கு.” “அவவுக்கு எண்டு சொன்னீங்களே?” “ஓம், அவவிட்டத்தான் தாறன்.” பஸ்னாவுக்குக் காது சுடுகிறது. பையை வாங்கிக்கொள்கிறாள். திரும்பி இரண்டடி வைத்தவள் நிற்கிறாள். “அப்ப, அந்த அத்தர் ஆருக்கு?”